ரெஜினா டீச்சரின் மூன்று குற்றங்கள்

தலையில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே ஆட்டக்காரரை உடனே வெளியே எடுக்க வேண்டும். அன்றைய ஆட்டத்தில் அவர் மறுபடி இறங்கக் கூடாது. போட்டி நடத்தியவர்கள் அச்சிட்டுக் கொடுத்த சிறு புத்தகத்தில் ஒன்பதாம் விதி இது. அடிபட்டது நிரூபிக்கப்பட வேண்டும் என்று அதில் இல்லை. ஆட்டக்காரர் சம்மதிக்க வேண்டும் என்றும் இல்லை. இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி, யார் முன்னால் நிற்கிறார்கள், ஊர்வலத்துக்குச் செண்டை மேளம் சொல்லியாயிற்றா என்பதைப் பற்றியெல்லாம் அந்த விதி கவலைப்படவில்லை. அச்சில் இரண்டரை வரிதான். எங்கள் கல்லூரி நிர்வாகம் அந்த இரண்டரை வரியைப் படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

ஊழியர் சங்க மலரில் தமிழுக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருப்பதாகவும், பழைய அலுவலக அனுபவம் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்றும் எனக்குப் பின் கண்காணிப்பாளராக வந்தவர் கேட்டார். இப்போது கோப்புகள் கணினியில் நகர்கின்றன. எந்தக் கோப்பு யார் மேசையில் எத்தனை நாள் கிடக்கிறது என்று அது சிவப்பு எழுத்தில் காட்டுமாம். "முன்ன இதெல்லாம் எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?" என்றார். கண்டுபிடிக்க மாட்டோம் என்பதுதான் உண்மையான பதில். அதற்கான உதாரணம் என் கையிலேயே இருக்கிறது.

கேரளத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், ஓர் அறக்கட்டளை நடத்தும் கல்லூரியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். தபால் பிரிவில் தொடங்கினேன். வந்த தபாலை வந்த அன்றே பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஏற்றிய எண்ணைத் தபாலின் மேல் எழுத வேண்டும், எழுதாத எண் இல்லாத எண் என்று முதல் வாரத்தில் சொல்லித் தந்தார்கள். மீதி வருடங்கள் அதையே வெவ்வேறு நாற்காலிகளிலிருந்து செய்ததுதான். நடுவில் ஒருமுறை, விலங்கியல் ஆய்வகத்தில் கண்ணாடி ஜாடியை உடைத்ததற்காக ஓர் உதவியாளருக்கு மெமோ கொடுத்தார்கள். மெமோவுக்கு எண் போடவில்லை. எண் இல்லாத மெமோவுக்குப் பதில் சொல்லக் கடமையில்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன், அவர் தப்பினார். அன்றிலிருந்து மெமோ வாங்கியவர்களெல்லாம் முதலில் என் மேசைக்கு வந்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் திமிரும் உண்டாயிற்று. இதை இங்கே சொல்லிவிடுவது நல்லது.

ரெஜினா டீச்சர் எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளர். ஒன்பது வருடமாக ஒப்பந்த வேலை. மார்ச் முப்பத்தொன்றில் முடியும், ஜூனில் புதுப்பிப்பார்கள். பிறந்தது செங்கல் என்ற ஊரில், கட்டிக்கொண்டு போனது தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளைக்கு. எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டி ஸ்கூட்டரில் தினமும் வருவார். அந்த வருடம் அவருடைய பதவியை நிரந்தரமாக்க அனுமதி வந்திருந்தது. அறிவிப்பு வெளியாக வேண்டும், விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த வருடம் அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அதாவது, ஒன்பது வருடம் காத்திருந்த கதவு ஒரே ஒரு முறைதான் திறக்க இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஜனவரியில் இறுதி ஆட்டம் வந்தது. எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள கல்லூரிகளுக்கான அழைப்புப் போட்டி. எங்களை எதிர்த்து ஆடியது மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரி. அலுவலகத்தைப் பூட்டிவிட்டு எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனார் பிரின்சிபல். வெற்றிக்கு வாழ்த்துச் சொல்லும் ஃபிளெக்ஸ் பலகை முந்தின நாளே அச்சாகி, சுருட்டி, பஸ்ஸின் கடைசி இருக்கையில் படுத்திருந்தது.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் நின்றோம். ஆறு நிமிடம் பாக்கி. எதிரணிப் பெண் பந்தோடு ஓடிவர, எங்கள் கோல்கீப்பர் அஞ்சு அவள் காலடியில் பாய்ந்தாள். அவளுடைய கால்முட்டு அஞ்சுவின் காதுக்கு மேலே பட்டது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். கைதட்டினோம். பந்தை எடுத்து வைத்து உதைத்தாள். பிறகு பக்கத்தில் நின்ற தடுப்பாட்டக்காரியிடம் என்னவோ கேட்டாள். அவள் ஒரு விரலைக் காட்டிப் பதில் சொன்னாள். அரை நிமிடத்தில் அஞ்சு மறுபடி அவளிடமே கேட்டாள். இது எங்கள் வரிசைக்குக் கேட்கவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் நின்ற ரெஜினா டீச்சருக்குக் கேட்டது. அஞ்சு இரண்டு தடவையும் கேட்டது ஒரே கேள்விதான்: "ஸ்கோர் எத்தனை?"

டீச்சர் நடுவரை அழைத்து அஞ்சுவை வெளியே எடுத்தார். மாற்று ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஏற்கெனவே இறங்கிவிட்டார்கள். இரண்டாவது கோல்கீப்பர் தேர்வு எழுதப் போயிருந்தாள். தடுப்பாட்டக்காரி ஒருத்தி கையுறையை மாட்டிக்கொண்டு கோலில் நின்றாள். பத்துப் பேர் ஆடினார்கள்.

"நல்லா நிக்கிய பிள்ளைய எதுக்கு சாரே வெளிய எடுக்கியாவ?" என்றார் பிரின்சிபல். எனக்குப் பின்னால் இருந்த அலுவலக உதவியாளர் லில்லிபாய், "ஆறு நிமிசம் கண்ணடைச்சு நிக்கலாம்லா" என்றாள். நானும் அதைத்தான் நினைத்தேன். அடுத்தடுத்து இரண்டு கோல் விழுந்தது. இரண்டாவது பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று இன்றும் பாறசாலை டீக்கடைகளில் இரண்டு கட்சி உண்டு. நடுவர் தாண்டியது என்றார். விசில் ஊதியாயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மோசம். எதிரணியின் பயிற்சியாளர் மைதானத்தைக் கடந்து வந்து ரெஜினா டீச்சரின் தோளைத் தட்டி, பையிலிருந்து ஒரு நேந்திரப்பழத்தை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதை உரித்துத் தின்றார். யாரோ ஒரு பழைய மாணவர் இதையெல்லாம் ஃபோனில் எடுத்திருந்தார். பஸ் கல்லூரிக்குத் திரும்புவதற்குள் அது எல்லா வாட்ஸப் குழுக்களுக்கும் போய்விட்டது. கீழே ஒரே வார்த்தை எழுதியிருந்தார்கள்: ஒத்துகளி. இரண்டு பக்கமும் பேசிவைத்து ஆடியது என்று அர்த்தம். எதிரணிப் பயிற்சியாளர் ரெஜினா டீச்சரின் கணவருக்கு அக்காள் என்பது மறுநாள் காலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நான்காம் நாள் டீச்சர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மற்றக் கையில் குற்றச்சாட்டு மெமோ. இந்த முறை எண் போட்டிருந்தார்கள். தற்காலிகப் பணிநீக்க ஆணையும் கூடவே இருந்தது. குற்றச்சாட்டு ஒன்று: ஆடத் தகுதியான கோல்கீப்பரை வேண்டுமென்றே வெளியேற்றியது. இரண்டு: எதிரணி ஊழியருடன் உள்ள உறவை நிர்வாகத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்காதது. மூன்று: தோல்விக்குப் பின் எதிரணியிடமிருந்து உணவுப் பொருள் பெற்று மைதானத்திலேயே உட்கொண்டு, கல்லூரியின் கண்ணியத்துக்குக் குந்தகம் விளைவித்தது.

"சாரே, ஒரு பழம் தின்னதுக்கு மெமோ உண்டா?"

"உண்டு. தோலை எங்க போட்டியன்னு கேக்காம விட்டாவளே, அதுவே பெரிசு."

அவர் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டின் பட்டையைக் கோத்தும் அவிழ்த்தும் கொண்டிருந்தார். "இது முடியாம அந்த போஸ்டுக்கு அப்ளை பண்ண பற்றாதுன்னு சொல்லுதாவ. உள்ளதா?"

உள்ளதுதான். ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருப்பவர் நிரந்தரப் பதவிக்கு விண்ணப்பிக்க முடியாது. சொன்னேன். குற்றம் சாட்டப்பட்டவர் தன் பக்கம் பேச அதே நிறுவனத்தின் ஊழியர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. அதன்படி நான் துணை வருவதாகவும் சொன்னேன். நான் மே முப்பத்தொன்றில் ஓய்வு பெற இருந்தேன். அதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அப்போது அவர் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். ஆட்டம் முடிந்ததும் அஞ்சுவை ஆட்டோவில் காரக்கோணத்துக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார். தலையில் அடி, ஸ்கேனில் கோளாறு இல்லை, இரண்டு வாரம் ஓய்வு, அதுவரை விளையாட்டு கூடாது என்று டாக்டர் எழுதிய சீட்டு.

"இது இருந்தா கேஸு இன்னைக்கே முடிஞ்சாச்சு" என்றேன்.

"அது வெளிய வரப்பிடாது சாரே."

"ஏன்?"

"அவளுக்கு போலீஸ் டெஸ்டு மார்ச்சுல உண்டு. ஸ்போர்ட்ஸ் கோட்டா. அப்பனுக்கு ரப்பர் வெட்டு, ஒற்றசேகரமங்கலத்துல. தலையில அடின்னு ஒரு பேப்பர் இந்த ஃபைலுல கேறினா, அது நாளைக்கு வாட்ஸப்புல வரும். மறுநாள் மெடிக்கல்காரனுக்க மேசையில இருக்கும்."

"ஸ்கேன் சரியா இருக்கு. இதுக்காக யாரும் தள்ள மாட்டாவ."

"அது ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவளுக்க அம்மைக்குத் தெரியுமா? அந்த அம்மை எனக்க கையப் பிடிச்சு கண்ணீரு விட்டுக் கரஞ்சாவ சாரே. ஒரு இடத்திலயும் சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்தாச்சு."

"பின்ன எனக்கு என்னத்துக்குக் காட்டினிய?"

"நான் வேணும்னு செய்யேல்லன்னு ஒங்களுக்கு ஒருத்தருக்காவது தெரியணும். அதுக்காக்கும்."

சீட்டை என் சட்டைப் பையில் வைத்தார். அடுத்த ஐந்து வாரம் அது அங்கேயே இருந்தது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றினேன். அதை வைத்துக்கொண்டு வாதிடுவதைவிட வைத்துக்கொண்டு வாதிடாமல் இருப்பது கடினம். முப்பது வருடத்தில் எனக்கு அப்படி ஒரு கோப்பு வரவில்லை.

பிரின்சிபலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. யாருக்கு மறுக்கப்போகிறாரோ அவருக்குத் தேநீர் வரவழைப்பார். கோப்பின் ஓரத்தில் பச்சை மையில் 'பேசவும்' என்று எழுதி வைத்துக்கொள்வார். பேசப் போனால், "இப்ப இறங்கிட்டு இருக்கேன் சாரே, பின்ன பேசுவோம்" என்பார். குரல் உயராது. முகத்தில் எப்போதும் நம்மீது ஒரு பரிவு இருக்கும். அவர் மேசையில் தேநீர் குடித்துவிட்டு வந்த பலர், காரியம் நடந்துவிட்டதாகவே நினைத்து வாரக்கணக்கில் சந்தோஷமாக இருந்தார்கள்.

விசாரணை பிப்ரவரி கடைசியில் நடந்தது. விசாரணை அதிகாரி நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வக்கீல். மெலிந்தவர், ஒவ்வொரு வாக்கியத்தையும் தானே சொல்லி எழுதவைத்து, படித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குகிறவர். அப்படிப்பட்டவர் கிடைத்தது பாதி வெற்றி என்று டீச்சரிடம் சொன்னேன். மீதிப் பாதி அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு நிர்வாகத் தரப்புச் சாட்சியாக உள்ளே வந்தது. அஞ்சு.

வெள்ளைச் சுடிதார், கையில் துண்டு. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"ஒனக்கு அன்னைக்கு அடி பட்டுதா?" நிர்வாகத் தரப்பில் கேட்டார்கள்.

"இல்ல சார்."

"ஆடப் பற்றுமா இருந்துதா?"

"பற்றும் சார். எனக்கு ஒரு குழப்பமும் இல்ல."

"டீச்சர் ஏன் வெளிய எடுத்தாவ?"

"தெரியாது சார்."

அவள் டீச்சர் பக்கம் திரும்பவே இல்லை. டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. எழுந்தபோது வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. சீட்டை மேசைமேல் வைத்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். டீச்சர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மிக லேசாக ஆட்டினார். கையைக் கீழே இறக்கினேன்.

"மக்கா, வெளிய எடுக்கதுக்கு முன்ன டீச்சர் ஒங்கிட்ட ஏதாவது கேட்டாவளா?"

"கேட்டாவ. தலை எப்படி இருக்குன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்."

"அதைக் கேட்ட பிறவும் எடுத்தாவளா?"

"எடுத்தாவ."

"சரி. போவலாம்."

வேறு கேட்கவில்லை. 'ஸ்கோர் எத்தனை என்று கேட்டாயா' என்பதையும் கேட்கவில்லை. அதற்கு அவள் பொய் சொன்னால் பொய் பதிவாகும், உண்மை சொன்னால் அதைவிட மோசம். பிறகு நிர்வாகம் தாக்கல் செய்த காணொளியை முதலிலிருந்து ஓடவிடும்படி கேட்டுக்கொண்டேன். எல்லோரும் கோல்களையும் பழத்தையுமே பார்த்திருந்தார்கள். முதல் ஏழு விநாடியை யாரும் பார்க்கவில்லை. அதில் முட்டு தலையில் படுவது தெளிவாக இருந்தது. மூன்று தடவை போடச் சொன்னேன். பிறகு ஒன்பதாம் விதியை வாசித்தேன்.

"இந்த விதி அடியைக் கேட்கவில்லை, சந்தேகத்தைத்தான் கேட்கிறது" என்றேன். "சாட்சி நன்றாக இருந்தாள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில், அந்த இடத்தில் நின்றவருக்குச் சந்தேகம் வர இந்த ஏழு விநாடி போதுமா, போதாதா? போதும் என்றால், அவளை எடுக்காமல் விட்டிருந்தால்தான் குற்றம்."

விசாரணை அதிகாரி அதை அப்படியே எழுதச் சொன்னார். பேனா நின்ற பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"பழம் தின்னியளா?"

"தின்னேன் சார்."

"வேண்டாம்னு சொல்லியிருக்கப் பற்றாதா?"

"அவிய எங்க வீட்டுக்காரருக்க அக்கா சார். ரெண்டு வருசமா எனக்கும் அவியளுக்கும் பேச்சு இல்ல. அன்னைக்கு அவியளாட்டு வந்து தந்தாவ. தோத்துட்டு நிக்கும்போ தந்ததை வேண்டாம்னு சொன்னா, ஜெயிச்சதுல பொறாமைன்னு ஆவும். பின்ன நான் எந்த வீட்டுல போய் இருக்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதிக்கொண்டிருந்தவரிடம், "கேள்வியை மட்டும் எழுதுங்க. விளக்கம் ஏற்கப்பட்டதுன்னு போடுங்க" என்றார். பிறகு பொதுவாகச் சொன்னார்: "எனக்க மகளையும் அந்தப் பக்கந்தான் கெட்டிக் குடுத்திருக்கு, குழித்துறையில."

உறவை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்ற விதியைக் காட்டும்படி கேட்டேன். நிர்வாகத்தால் காட்ட முடியவில்லை. அப்படி ஒரு விதி வைத்தால் எல்லைக்கு இந்தப் பக்கம் பாதிப் பேர் அந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளின் பட்டியலைத்தான் நாள் முழுக்கச் சமர்ப்பித்துக்கொண்டிருக்க வேண்டும்.

வெளியே வராந்தாவில் அஞ்சு தூணோடு ஒட்டி நின்றாள். டீச்சர் அவளைக் கடந்து இரண்டு அடி போய், நின்று, திரும்பினார்.

"ஏட்டி, நாளைக்கு ஓட்டத்துக்கு வாறியா?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "வாறேன் டீச்சர்."

"காலேஜு கிரவுண்டுல என்னைக் கேற விடமாட்டாவ. செங்கல் அம்பலத்துக்குப் போற ரோட்டுல வா. ஆறு மணி."

நான் கேட்காததுபோல் கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். மார்ச்சில் அவள் ஓட்டத்திலும் தாண்டலிலும் தேறினாள். மே மாதம் மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது.

மார்ச் இருபதாம் தேதி விசாரணை அறிக்கை வந்தது. மூன்று குற்றச்சாட்டுகளும் நிரூபணமாகவில்லை. ஆனால் அறிக்கை என்பது ஆணை அல்ல. அறக்கட்டளையின் மேனேஜர் அதன்மேல் இறுதி ஆணை போட வேண்டும். அதுவரை நடவடிக்கை நிலுவையில்தான். மார்ச் முப்பத்தொன்றில் ஒப்பந்தம் முடிந்தது. ஏப்ரல் நாலாம் தேதி, இறுதி ஆணை கேட்டு மேனேஜருக்கு ஒரு மனு தயாரித்தேன். டீச்சர் கையெழுத்திட்டார். அறிக்கையின் நகல், விதி, எண்கள் எல்லாம் இணைத்த, குறை சொல்ல முடியாத மனு.

ஊழியர் மேனேஜருக்கு எழுதுவது எதுவானாலும் பிரின்சிபல் வழியாகத்தான் போக வேண்டும். முறையான வழி என்பது அது. பிரின்சிபல் அதை நிறுத்திவைத்துவிடுவார் என்ற பயம் உள்ளவர்கள், மேலே 'முன்நகல்' என்று எழுதி இன்னொரு பிரதியை நேராக மேனேஜருக்கு அனுப்புவார்கள். எல்லா அலுவலகத்திலும் நடக்கிறதுதான். எனக்கு அது பிடிக்காது. மேலதிகாரியின் முதுகுக்குப் பின்னால் கை நீட்டுவதாக நினைப்பேன். அப்படி அனுப்பிய குமாஸ்தாக்களைக் கண்டித்தும் இருக்கிறேன்.

லில்லிபாய் தபாலை எடுக்க வந்தவள் உறையைத் திருப்பிப் பார்த்தாள். "சூப்ரெண்டு சாரே, ஒரு காப்பி நான் நேரா மேனேஜருக்க வீட்டுல குடுக்கட்டா? போற வழியாக்கும்."

"அது முறையில்லை லில்லி."

"நீங்க முறையப் பாத்துக்கிடுங்க. நடுவுல நிக்கது அந்த டீச்சராக்கும்."

சிரித்துவிட்டு முத்திரை குத்தினேன்.

ஏப்ரல் போயிற்று. பிரின்சிபல் அறையில் இரண்டு முறை தேநீர் குடித்தேன். "பாத்துட்டு இருக்கேன் சாரே" என்றார். டீச்சர் வாரத்துக்கு இரண்டு தடவை ஃபோனில் விளிப்பார். "ஒண்ணும் இல்லியா?" என்பார். "மேலே போயிருக்கும்" என்பேன். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டு, என் உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரிக்க ஆரம்பித்தார். அதைக் கேட்க எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. மே முப்பத்தொன்றில் பொன்னாடை போர்த்தினார்கள். முறை தவறாத மனிதர் என்று பிரின்சிபல் பேசினார்.

ஜூலை ஒன்றாம் தேதி பதவிக்கான அறிவிப்பு வந்தது. விண்ணப்பம் திருவனந்தபுரத்திலுள்ள கல்வித்துறை அலுவலகத்தில் சேர வேண்டிய கடைசி நாள் ஜூலை பதினைந்து. நடவடிக்கைக்கு உள்ளானவர்கள் இறுதி ஆணையின் நகலை இணைக்க வேண்டும். மறுநாள் லில்லிபாய்க்கு ஃபோன் செய்தேன்.

"அந்த மனு எங்க இருக்குன்னு பாப்பியா?"

"பாக்க என்னத்துக்கு? தெனமும் மேசை தொடைக்கியது நானாக்கும். பிரின்சிபலுக்க மேசையில, பேப்பர்வெயிட்டுக்கு அடியில கெடக்கு. பச்சையில என்னவோ எழுதியிருக்கு."

என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எண்பத்தொன்பது நாள். மூன்றாம் தேதி, என் வாழ்க்கையிலேயே முதல் முறையாக, 'முன்நகல்' என்று மேலே எழுதிய பிரதியோடு மேனேஜர் வீட்டுக்குப் போனேன். அவர் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தார். பத்தாம் தேதி காலையில்தான் வந்தார். ஏழரை மணிக்குக் கேட்டில் நின்றேன்.

நிதானமாகப் படித்தார். "இது எனக்க கையில வந்திருந்தா அன்னைக்கே தீந்திருக்கும். யாரும் சொல்லேல்லயே சாரே." அன்று மதியமே ஆணையைத் தட்டச்சு செய்யவைத்துக் கையெழுத்துப் போட்டார். அதன் நகல் ஒன்று கேட்டேன்.

"நீங்க இப்ப ஊழியர் இல்லியே. ஒங்க கையில தர முடியாது. இது பிரின்சிபல் வழியாட்டு போவும். அப்படித்தான் போவணும்னு ஒரு சர்க்குலர் உண்டுல்லா?"

உண்டு. பதினான்கு வருடத்துக்கு முன் அதை வரைந்தவன் நான்தான். அவருக்கு அது நினைவிருந்ததா என்று தெரியவில்லை. எனக்கு இருந்தது.

பதினொன்றாம் தேதி ஆணை பிரின்சிபல் அலுவலகத்துக்குப் போயிற்று. பன்னிரண்டு இரண்டாம் சனி, பதின்மூன்று ஞாயிறு. பதினான்காம் தேதி காலையில் டீச்சர் நேரில் போனார். தேநீர் கொடுத்தார்கள். ஆணை ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில்தான் போக வேண்டும், நேரில் கொடுத்தால் நாளை ஏதாவது கேள்வி வரும் என்று பரிவோடு சொன்னார் பிரின்சிபல். தானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று லில்லிபாய் கேட்டதற்கும் அதே பதில். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆணை பின்னால் வரும் என்று ஒரு கடிதம் இணைத்து, டீச்சரை விண்ணப்பத்தோடு அன்றே திருவனந்தபுரத்துக்கு அனுப்பினேன். பதினைந்தாம் தேதி மாலை விண்ணப்பம் குறிப்போடு திரும்பி வந்தது: இறுதி ஆணை இணைக்கப்படவில்லை.

கல்லூரி வாசலில் பஸ் ஏறினால் களியக்காவிளையில் டீச்சர் வீட்டுக்குக் கால் மணி நேரம். ஆனால் அது வேறு மாநிலம். தபால் முதலில் வடக்கே திருவனந்தபுரத்துக்குப் போய், அங்கே பிரிந்து, எங்களைத் தாண்டித் தெற்கே நாகர்கோவிலுக்குப் போய், அங்கிருந்து மறுபடி வடக்கே வரும். நாங்கள் இரண்டு பேரும் ஃபோனில் எண்ணைப் போட்டு அது எங்கே இருக்கிறது என்று மணிக்கு மணி பார்த்துக்கொண்டிருந்தோம், கடைசி நாள் முடிந்த பிறகும்.

மூன்று குற்றச்சாட்டுகளிலிருந்தும் ரெஜினா முழுமையாக விடுவிக்கப்படுகிறார் என்றும், அவருடைய எதிர்கால நியமனத்துக்கு இந்த நடவடிக்கை எந்த வகையிலும் தடையாகாது என்றும் அதில் எழுதியிருந்தது. ஆணையின் தேதி ஜூலை பத்து. அனுப்பிய தேதி ஜூலை பதினான்கு. ஒப்புதல் அட்டையில் தன் கையெழுத்துக்குக் கீழே டீச்சர் எழுதிய தேதி ஜூலை பதினேழு.